கஷ்மீரி கேட் கல்லூரியில் வரலாறும் அரசியலும்

தலைநகரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவுடன் ஒரு வரிசை பேசப்படும். முதலில் பொறியியல், அது கிட்டாவிடில் வணிகவியல், எதுவும் கிட்டாவிடில் வரலாறு. வரலாறும் அரசியல் நூலும் வேறு வழியற்றோர் கற்பன என்னும் எண்ணம் நம்மிடையே அவ்வளவு வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பொருந்துமா என்பதை, இத்தில்லி மாநகரிலேயே தோன்றி வளர்ந்த ஒரு கிறித்தவக் கல்லூரியின் வரலாறு கொண்டு ஆராய்வோம். நாம் மெட்ரிகுலேஷனோடு கல்வியை நிறுத்தி ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். ஆயினும், கல்லூரி வாயிலை மிதியாதவருக்கும் வரலாறு உரியதே என்னும் துணிவால் இதனை எழுதப் புகுந்தோம்.

பழைய தில்லி ரயில் நிலையத்திற்கு வடக்கே கஷ்மீரி கேட் உள்ளது. 1857 செப்டம்பரில் ஆங்கிலப் படை வெடிமருந்து வைத்துத் தகர்த்து நகருட் புகுந்த வாயில் அதுவே. பீரங்கிக் குண்டுகளின் வடுக்களை இன்றும் அங்கே காணலாம். அந்தப் போர் முடிந்து 24 ஆண்டுகள் சென்றபின், 1881-இல், கேம்பிரிட்ஜ் மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பஜாரில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியைத் தொடங்கினர். சாமுவேல் ஸ்காட் ஆல்நட் முதல் தலைவர், மாணாக்கர் ஐவரே. 1891-இல் கஷ்மீரி கேட்டின் அருகே கல்லூரிக்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. தோற்ற நகரின் நடுவே, வென்றோரின் சமயத்தார் நிறுவிய கல்லூரி! அங்கே கற்பிக்கப்படும் வரலாறு வென்றோரின் புகழ்ப் பாட்டாகவே இருக்கும் என்று எவரும் எண்ணுவர். ஆனால் நிகழ்ந்தது வேறு.

அக்காலத்து இந்தியக் கல்லூரிகளில் இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாறு முக்கிய பாடமாய் இருந்தது. 1215-இல் மன்னனைப் பணியவைத்த மகா சாசனம், 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னனின் தலை வீழ்ந்தது, 1688-இல் பாராளுமன்றம் முடியரசை வரம்புக்குட்படுத்தியது ஆகிய இவற்றையெல்லாம் மாணவர் பரீட்சைக்காக உருப்போட்டனர். உருப்போட்டவன் ஒரு நாள் சிந்திக்கவும் செய்வான் அன்றோ? மக்கள் இசைவின்றி வரி தண்டுவது இங்கிலாந்தில் அநீதியெனில், இந்தியாவில் அது எவ்வாறு நீதியாகும்? ஆட்சியாளர் கொடுத்த பாடநூலே ஆட்சியாளரை அளக்கும் கோலாயிற்று.

இக்கல்லூரியில் பயின்ற லாலா ஹர்தயாள் அரசாங்க உதவித்தொகை பெற்று 1905-இல் ஆக்ஸ்போர்டு சென்றார். அந்நிய ஆட்சியின் பணத்தால் கற்பதை மனம் ஒப்பாமல், 1907-இல் அவ்வுதவித்தொகையைத் துறந்தார். 1913-இல் அமெரிக்காவில் கதர் இயக்கத்தை உருவாக்கியவர்களுள் அவர் முதன்மையானவர்.

மாணவர் மட்டுமா மாறினர்? கல்லூரியும் மாறிற்று. 1906-இல் தலைவர் பதவி காலியாயிற்று. வெள்ளையருக்கே அப்பதவி என்பது அன்றைய வழக்கம். ஆயினும் 1886 முதல் அங்கே பணியாற்றிய வங்காளக் கிறித்தவரான சுசீல் குமார் ருத்திரருக்கே அது உரியது என்று இளம் ஆங்கிலப் பேராசிரியரான சி. எப். ஆண்ட்ரூஸ் வாதாடினார். ருத்திரர் தலைவரானார், 1923 வரை அப்பொறுப்பை வகித்தார். நாட்டு மக்கள் தன்னாட்சி பெறுவதற்கு 41 ஆண்டுகள் முன்னரே ஒரு கல்லூரி அப்பாடத்தைத் தன் வீட்டிலேயே நடத்திக் காட்டியது என்னலாம்.

1915-இல் தில்லிக்கு வந்த காந்தியடிகள் ருத்திரரின் இல்லத்திலேயே தங்கினார். பின்னர்க் கிலாபத்துக் கோரிக்கையை வைசிராய்க்கு விளக்கிய பகிரங்கக் கடிதமும் அக்கூரையின்கீழ்தான் வரையப்பட்டது. தம்மால் கல்லூரிக்குத் தீங்கு நேருமோ என்று அடிகள் அஞ்சியபோதும் ருத்திரர் அவரைப் போகவிடவில்லை. 1925-இல் ருத்திரர் மறைந்தபோது காந்தியடிகளே இவற்றை எழுதி வைத்துள்ளார்.

தமிழராகிய நாம் நன்றியுடன் நினைக்க வேண்டிய செய்தி ஒன்றும் இங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற நம்மவர், காலம் முடிந்தபின்னும் அங்கே தங்கினால் 3 பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. அதனை எதிர்த்த அறப்போரில் தமிழர் திரளாகச் சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தாள். கோகலேயின் வேண்டுகோளை ஏற்று அவ்வாண்டின் தொடக்கத்தில் அங்கே சென்று காந்தியடிகளுக்குத் துணைநின்றவர் இதே ஆண்ட்ரூஸ்தாம். அவ்வாண்டிலேயே அவ்வரி நீங்கிற்று. 1915-இல் அவர் பிஜித் தீவுக்கும் சென்று கரும்புத் தோட்டக் கூலிகளின் துயரை உலகறியச் செய்தார். வகுப்பறையில் பேசிய நீதியைக் கடல் கடந்தும் தேடிச் சென்ற ஆசிரியர் அவர்.

1924-இல் வந்த பெர்சிவல் ஸ்பியர் வரலாற்றுப் பேராசிரியர். அவர் கல்லூரியைச் சூழ்ந்த நகரையே ஆராயத் தலைப்பட்டார். கடைசி மொகலாயர் காலத்துத் தில்லியையும் அதன் கிராமங்களையும் பற்றிய அவரது நூல் 1951-இல் வெளிவந்தது. நாம் நாள்தோறும் பேருந்தில் கடந்து செல்லும் செங்கோட்டையும் ஓர் ஆராய்ச்சிப் பொருளே என்பதை அது உணர்த்தும்.

1941-இல் கல்லூரி பல்கலைக் கழக வளாகத்திற்குப் பெயர்ந்தது. 1975 முதல் பெண்களும் அங்கே மீண்டும் சேர்க்கப்பட்டு வருகின்றனர். கஷ்மீரி கேட் பழைய கட்டடத்திலோ, பிற்காலத்தில் தில்லித் தலைமைத் தேர்தல் அதிகாரியின் அலுவலகம் அமைந்தது. மக்களாட்சியைப் பாடமாய்க் கற்ற கூடங்கள் வாக்காளர் பட்டியலுக்கு உறைவிடமாயின. இதனினும் பொருத்தம் வேறு உண்டோ?

எனவே அன்பர்களே, உங்கள் மகனோ மகளோ வரலாறு படிக்க விழைந்தால், "சோறு போடுமா?" என்று மட்டும் கேளாதீர். சோற்றுக்கு வழி தேடியே நாமும் இவ்வளவு தூரம் வந்தோம், அது தவறன்று. ஆனால் எது உண்மை, எது புனைவு என்று சான்று கேட்டு அறியும் பழக்கமும், தம்மைக் கற்பித்தவரையே நீதியின் தராசில் நிறுத்தும் துணிவும் அக்கல்வியால் வருவன. அவற்றைப் பெற்ற பிள்ளை எத்தொழில் புரியினும் நல்ல குடிமகனாய் விளங்குவான். பிள்ளையின் விருப்பத்தை ஒருமுறை செவிமடுத்துக் கேட்டபின் முடிவு செய்க என்பதே நம் வேண்டுகோள்.