பரிசா வந்த வண்டி: ஓட்டறதா, விக்கறதா?

பொங்கல் முடிஞ்ச கையோட எங்க வேலூர் மாவட்டத்துல, அணைக்கட்டு, ஒடுகத்தூர், கீழரசம்பட்டு பக்கமெல்லாம் மாடு விடும் திருவிழா களை கட்டிடும். மதுரைப் பக்கம் மாதிரி திமிலைப் புடிச்சித் தொங்கற கதை இங்க கிடையாது. ரெண்டு பக்கமும் தடுப்பு கட்டின தெருவுல காளைங்களை ஒவ்வொண்ணா அவுத்து விடுவாங்க. குறிச்ச தூரத்தை எது கம்மி நொடியில கடக்குதோ அது ஜெயிச்சது. பரிசு பெரும்பாலும் ரொக்கம். சில ஊர்ல பைக்கும் உண்டு.

பைக்குன்னு அறிவிச்சிட்டா டீக்கடையில பட்டிமன்றம்தான். முதல் கேள்வி "என்ன வண்டிப்பா?". அடுத்த கேள்வி "வித்தா எவ்ளோ போகும்?". சிலருக்கு இந்த ரெண்டாவது கேள்வி அல்பமா தெரியலாம். எனக்கு அப்படித் தோணலை. ஏன்னா இந்த ஒரு கேள்விக்கு கடந்த அறுபது வருஷத்துல நம்ம நாட்டுல பதில் தலைகீழா மாறி இருக்கு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

பழசு புதுசை விட ஒசத்தியா இருந்த காலம்

இன்னிக்கு ஷோரூம் வாசலைத் தாண்டின உடனே வண்டி விலை இறங்கிடும்னு சின்னப் பையன் கூட சொல்லுவான். இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க கணக்குப்படி வண்டிக்கு ஆறு மாசம் ஆகறதுக்குள்ள 5%, ஒரு வருஷத்துக்குள்ள 15%, ரெண்டு வருஷத்துக்குள்ள 20%, அஞ்சு வருஷம் முடியறப்ப 50% கழிச்சிடுவாங்க.

ஆனா 1960-கள்ல, 70-கள்ல கதையே வேற. எத்தனை ஸ்கூட்டர் தயாரிக்கலாம்னு கம்பெனி முடிவு பண்ண முடியாது, டில்லி முடிவு பண்ணும். லைசென்ஸ் ராஜ்ஜியம்! பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பேர் பதிஞ்சிட்டு பத்து வருஷம் வரைக்கும் காத்திருந்த கதையெல்லாம் உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டா சொல்லுவாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி பதிஞ்சவருக்கு, புள்ளை ஸ்கூல் போற வயசுல வண்டி வரும் :-)

அதனால வண்டி கைக்கு வந்தவர் அதை அன்னிக்கே வித்தா, கம்பெனி விலைக்கு மேல பிரீமியம் கிடைக்கும். வாங்கறவர் கொடுக்கறது வண்டிக்கு மட்டும் இல்லை, காத்திருக்காம தப்பிச்ச வருஷங்களுக்கும் சேர்த்து. 1983 டிசம்பர் 14 அன்னிக்கு முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கொடுத்தாங்க. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. ஆரம்ப வருஷங்கள்ல அந்தக் காருக்கும் இதே பிரீமியம் கதைதான். அந்த நாள்ல ஒருத்தருக்குப் பரிசா மாருதியோ பஜாஜோ விழுந்தா, எதை எடுத்தாலும் லாபம்தான்.

1991-ல பொருளாதாரக் கதவைத் தொறந்தாங்க. 1993-ல கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லைன்னு ஆச்சு. கியூ கரைஞ்சுது, கூடவே பிரீமியமும் கரைஞ்சுது.

ரெண்டு கிரிக்கெட் கார்கள்

1985 மார்ச் 10, மெல்போர்ன். பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் உலக சாம்பியன்ஷிப் பைனல்ல பாகிஸ்தானை ஜெயிச்சோம். தொடர் நாயகன் ரவி சாஸ்திரிக்கு ஒரு ஆடி 100 கார் பரிசு. மொத்த டீமும் கார் மேல ஏறிக்கிட்டு மைதானத்தைச் சுத்தின காட்சியை யூடியூப்ல இப்பவும் பாக்கலாம்.

சரி, காரை ஊருக்கு எப்படிக் கொண்டு வர்றது? அந்தக் காலத்துல வெளிநாட்டுக் காருக்கு சுங்கத் தீர்வை தீட்டிடுவாங்க. ராஜீவ் காந்தி அரசாங்கம் தீர்வையைத் தள்ளுபடி பண்ணித்தான் அந்தக் கார் இந்தியாவுக்குள்ள வந்துச்சு. சாஸ்திரி அதை விக்கலை. 2022-ல கௌதம் சிங்கானியா அதைப் புதுசு போலப் புதுப்பிச்சுக் கொடுத்தார். அதுக்கு விலை போட எந்த புரோக்கராலயும் முடியாதுன்னு வச்சிக்குங்க.

அடுத்தது 2002. பிராட்மேனோட 29 சதத்தை சச்சின் தொட்டதுக்காக பியட் கம்பெனி பெராரி 360 மொடெனா கொடுத்தாங்க, ஷூமாக்கர் கையால. அதுக்கு சுங்கத் தீர்வை மட்டும் சுமார் 1.13 கோடி ரூபாய்! அரசு தள்ளுபடி பண்ணப் பார்த்துச்சு. ஊரெல்லாம் கேள்வி கேட்டுச்சு, வழக்கு கோர்ட்டுக்குப் போச்சு, கடைசியில பியட்டே தீர்வையைக் கட்டிடுச்சு. 2011-ல சச்சின் அந்தக் காரை சூரத் வியாபாரி ஒருத்தருக்கு வித்துட்டார். அதுக்கும் கொஞ்சம் முணுமுணுப்பு வந்துச்சு. பரிசை வித்தா மரியாதைக் குறைச்சல்னு நமக்கு ஒரு நெனப்பு.

பெரிய ஆளுங்களுக்குத் தீர்வை கட்ட கம்பெனி வரும். சாதாரண ஆளு லாட்டரியிலயோ டிவி போட்டியிலயோ கார் ஜெயிச்சா? செஸ் சேர்த்து 31.2% வரி. பரிசு பொருளா இருந்தா, வரி கட்டினதுக்கு அப்புறம்தான் கையில கொடுக்கணும்னு சட்டம். 10 லட்ச ரூபா கார்னா 3 லட்சத்து 12 ஆயிரம் முதல்ல எண்ணி வைக்கணும். அந்தப் பணம் இல்லாதவன் காரை வித்துத்தான் காருக்கு வரி கட்ட முடியும். இதுல காமெடி என்னன்னா, காரை வாங்கறதுக்கு முன்னாடி விக்கவும் முடியாது!

திருப்பிக் கொடுத்த பொண்ணு

இந்த வரலாறுலயே எனக்குப் புடிச்ச ஆளு தீபா கர்மாகர். 2016 ரியோ ஒலிம்பிக்ல ஜிம்னாஸ்டிக்ஸ் வால்ட் பிரிவுல நாலாவது இடம். ஐதராபாத்ல சிந்து, சாக்ஷி மாலிக் கூட அவங்களுக்கும் ஒரு பி.எம்.டபிள்யூ கொடுத்தாங்க, சச்சின் கையால. அவங்க ஊர் திரிபுராவுல இருக்கற அகர்தலா. அங்க பி.எம்.டபிள்யூ சர்வீஸ் சென்டர் கிடையாது. ரோடும் அந்தக் காருக்கு ஏத்த ரோடு இல்லை. அவங்க குடும்பமும் கோச்சும் யோசிச்சு, காரைத் திருப்பிக் கொடுத்துட்டு பணமா வாங்கிக்கிட்டாங்க. அதுல ஒரு ஹூண்டாய் எலாண்ட்ரா வாங்கினாங்க.

இதைத் தலைக்கனம்னு சிலர் சொன்னாங்க. நான் அப்படிப் பார்க்கலை. ரிப்பேர் பண்ண ஆள் இல்லாத ஊர்ல வண்டிக்கு என்ன மதிப்பு? அங்க அதை வாங்கறதுக்கும் ஆள் இருக்காது. ரீசேல் வேல்யூங்கறது வண்டியில இல்லை, அது நிக்கிற ஊர்ல இருக்கு.

காளைக்கு டிராக்டர்

மறுபடி மாட்டுக்கு வருவோம். 2014 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு. 2017 ஜனவரியில மெரினா போராட்டம், அப்புறம் சட்டம். அந்தச் சட்டத்துல ஜல்லிக்கட்டோட மஞ்சுவிரட்டு, வடமாடு, எங்க ஊர் எருது விடும் விழா எல்லாமே பேர் சொல்லி இருக்கு. 2023 மே 18-ல அது செல்லும்னு தீர்ப்பும் வந்தாச்சு.

பரிசும் வளர்ந்துடுச்சு. 2025-ல மதுரைப் பக்கம் அதிக காளை புடிச்சவருக்குக் கார், சிறந்த காளைக்கு டிராக்டர். காளைக்கு டிராக்டர்! அதோட ஏர் உழுற வேலையைப் புடுங்கினதே அந்த டிராக்டர்தானே. ஆனா கணக்கா பார்த்தா, வச்சிருக்கறதுல சம்பாரிச்சிக் கொடுக்கற பரிசு அதுதான். வாடகைக்கு ஓட்டலாம். கார் நின்னா செலவு, ஓடினா பெட்ரோல். கார் ஜெயிச்ச மாடுபிடி வீரர்கள் பல பேர் "இதுக்குப் பதிலா அரசு வேலை கொடுங்க"ன்னு கேட்டது செய்தியில வந்துச்சு. வருஷா வருஷம் விலை இறங்காத பரிசு அது ஒண்ணுதான்னு அவங்களுக்குத் தெரியுது.

அப்ப அணைக்கட்டுக்காரர் எதை எடுக்கணும்?

பைக்கா, பணமான்னு கேட்டா பணம். பைக்குதான், ஆனா நீயே தேர்வு பண்ணிக்கோன்னா, பார்க்க கெத்தா இருக்கற ரேஸ் பைக் வேண்டாம். ஸ்பிளெண்டர் மாதிரி மைலேஜ் வண்டியோ, டி.வி.எஸ். எக்ஸ்எல்லோ எடுக்கலாம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஷிப்ட் போறவரும் வாங்குவார், புல்லுக்கட்டு ஏத்தறவரும் வாங்குவார். எந்த மெக்கானிக்கும் ரிப்பேர் பண்ணுவார். ஆர்.சி.யை மட்டும் சரியா பேர் மாத்திக்கொடுத்துடணும்.

இந்த அறிவு எங்க ஊர்க்காரங்களுக்கு இன்டர்நெட்டுல இருந்து வரலை. செவ்வாக்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்க. பல்லைப் புடிச்சி வயசு சொல்லுவாங்க, சுழி பார்ப்பாங்க, துண்டுக்குள்ள விரலைப் புடிச்சி விலை பேசுவாங்க. ரீசேல்ல டாக்டர் பட்டம் வாங்கினவங்க!

அப்பேர்ப்பட்ட மனுஷங்ககிட்ட ஒரு விஷயம் கவனிச்சிருக்கேன். பரிசு பைக் வாசல்ல நின்ன அன்னியில இருந்து விலை இறங்கும். ஜெயிச்ச காளையோட விலை அன்னியில இருந்து ஏறும், லட்சக்கணக்குல கேட்டு ஆள் வரும். தீவனம், பருத்திக்கொட்டை, பயிற்சின்னு வருஷம் பூரா ஆகற செலவுக்கு ஒரு பரிசு பத்தாது. கணக்குப்படி பார்த்தா பைக்கை வச்சிக்கிட்டு காளையைத்தான் விக்கணும்.

அவங்க பைக்கை வித்து, அந்தக் காசுல காளைக்குத் தீவனம் வாங்கறாங்க.

டிஸ்கி: உங்க ஊர்ல பரிசா வந்த வண்டிங்க எல்லாம் என்ன கதி ஆச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. குக்கர், பித்தளைக் குடம் கதைகளும் வரவேற்கப்படும் :-)