மகனா, மருமகனா?

1729-இல் வேணாட்டு மன்னர் ராமவர்மா மறைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அடுத்தது குளச்சல் போர் என்று சொல்லியிருந்தேன். டச்சுக் கப்பல்கள் அங்கே நங்கூரம் போட இன்னும் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் நாகர்கோவில் அரண்மனைக்குள் சிந்திய ரத்தம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை.

பப்புத் தம்பி, ராமன் தம்பி. இறந்துபோன மன்னரின் சொந்தப் பிள்ளைகள். வில்லுப்பாட்டில் அவர்கள் வலிய தம்பி, குஞ்சு தம்பி. தகப்பன் உயிரோடு இருந்தவரை அரண்மனையில் அவர்களுக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு தளவாய்களே ஒதுங்கி நின்றார்கள். ஆனால் பட்டம் அவர்களுக்கு இல்லை. மன்னரின் மனைவி அம்மச்சிதான், ராணி அல்ல. ராணி என்றால் ஆற்றிங்கலில் இருக்கும் சகோதரி. அந்த வழியில் வந்த மருமகன் மார்த்தாண்டவர்மாவுக்கு அப்போது வயது இருபத்துமூன்றோ இருபத்துநான்கோ. ஆற்றிங்கலில் பெண் குழந்தை இல்லாமற்போனால் கோலத்துநாட்டிலிருந்து தத்தெடுத்தாவது தாய்வழியைக் காப்பாற்றினார்களே தவிர, மகன் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் இங்கிலாந்தின் நார்மன் அரசர் முதலாம் ஹென்றியின் நினைவு வரும். 1066-இல் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமின் கடைசி மகன் அவர். அண்ணன் வில்லியம் ரூஃபஸ் 1100-இல் வேட்டைக் காட்டில் அம்பு பட்டுச் செத்தார். ஹென்றி பிணத்தருகே உட்கார்ந்து அழவில்லை. நேரே வின்செஸ்டருக்குக் குதிரையை விரட்டிக் கருவூலத்தைக் கைப்பற்றினார். மூன்றாம் நாள் முடிசூடிக்கொண்டார். மூத்த அண்ணன் ராபர்ட்டை 1106-இல் டின்ஷெப்ரே போரில் பிடித்து அடைத்தார். ராபர்ட் 28 ஆண்டுகள் சிறையிலேயே கிடந்து அங்கேயே இறந்தார். கெட்டிக்கார அரசர்தான், நல்ல நிர்வாகிதான். ஆனால் அந்த 28 ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியாது.

அப்படிச் சேர்த்து வைத்த அரசுக்கு வாரிசாக முறைப்படி பிறந்த மகன் ஒரே ஒருவன். 1120 நவம்பர் 25 இரவு, நார்மண்டிக் கரையை விட்டுக் கிளம்பிய வெள்ளைக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. இளவரசன் வில்லியமும் அதில் போனான். மிஞ்சியவள் மகள் மட்டில்டா. அவளையே அரசியாக ஏற்போம் என்று பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். 1135 டிசம்பர் முதல் தேதி அவர் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் முடி ஸ்டீபன் தலையில் இருந்தது. சத்தியம் செய்தவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகள் நாடு ரணகளம்.

இந்த ஸ்டீபன் யார்? ஹென்றியின் உடன்பிறந்த சகோதரி அடேலாவின் மகன். நம் ஊர்க் கணக்கில் அசல் மருமகன்! அங்கே அபகரிப்பு என்று பழிக்கப்பட்ட அதே காரியம் வேணாட்டில் தருமம். பத்மநாபபுரத்தில் பிறந்திருந்தால் ஸ்டீபன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது. வின்செஸ்டரில் பிறந்திருந்தால் பப்புத் தம்பியும் முறைப்படி பிறந்த மூத்த மகனாகத் தகப்பன் நாற்காலிக்கு உரிமை கேட்டிருப்பார். மணந்து கொண்டவளின் மகன் என்ற தகுதி ஒரு கரையில் எல்லாம், இன்னொரு கரையில் ஒன்றுமில்லை. தம்பிமாரை ராஜத்துரோகிகள் என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தம்பிமார் உரிமை கேட்டது வாளோடு அல்ல, முதலில் வழக்கோடு. பப்புத் தம்பி திருச்சிராப்பள்ளிக்குப் போய் நாயக்கர் அரசிடம் முறையிட்டார். அழகப்ப முதலியார் படையோடு தெற்கே வந்தார். இந்த நாட்டில் மருமகனுக்கே உரிமை என்னும் மருமக்கத்தாயமே வழக்கம் என்பதற்கு ஆதாரம் காட்டப்பட்டது, கூடவே பணமும் கொடுக்கப்பட்டது என்று திருவிதாங்கூர் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலியார் திரும்பிப் போனார். தம்பிமாருக்கு இனி எட்டு வீட்டுப் பிள்ளைமாரை விட்டால் வேறு துணை இல்லை. ராமனாமடம், கழக்கூட்டம், குளத்தூர், குடமண் என்று எட்டு வீடுகள். கோயில் நிலத்தின் அதிகாரம் கையில் இருந்த அவர்களுக்கு வலுவான மன்னரே வேண்டாம். தம்பிமார் மீது அவர்களுக்கு அன்பு இருந்ததாக நான் நம்பவில்லை.

கடைசிக் காட்சி நாகர்கோவில் அரண்மனையில். மன்னர் மார்த்தாண்டவர்மாவைப் பார்க்க வந்த பப்புத் தம்பி காவலரோடு தகராறு செய்தார், வெட்டப்பட்டார். தம்பி ராமன் வாளை உருவிக்கொண்டு மன்னர் மேல் பாய்ந்தார். ஓங்கிய வாள் மேலே உத்திரத்தில் சிக்கியது. மன்னர் அவரைக் குத்தி வீழ்த்தினார். அரசு தரப்பு நூல்கள் சொல்லும் கதை இதுதான். உத்திரத்தில் சிக்கிய வாள் வென்றவர் சொல்வதற்கு வசதியான வாள். எதிரியின் அரண்மனைக்குள் சண்டை போட என்று யாரும் நுழைய மாட்டார்கள். அது மன்னர் தரப்பு முன்கூட்டியே போட்ட திட்டம் என்பது என் எண்ணம்.

வில்லுப்பாட்டும் அப்படித்தான் நினைக்கிறது. தம்பிமார் கதையில் சண்டைக்கு மூலம் பட்டமே இல்லை. அவர்களின் தங்கையை மன்னர் பெண் கேட்கிறார். தமையன்மார் மறுக்கிறார்கள். அதற்காகவே சாகிறார்கள். தங்கையும் உயிரை விடுகிறாள். வடக்கே, 1891-இல் வந்த சி. வி. ராமன்பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலில் அதே பப்புத் தம்பி கொடியவனாக வருகிறார். நாவல் புத்தகக் கடையில் கிடைத்தது. வில்லுப்பாட்டு கொடைவிழாப் பந்தலில், குடமும் உடுக்கும் முழங்க, விடிய விடியக் கேட்டவர் நெஞ்சில் கிடந்தது. எனக்கு இரண்டாவதன் மேல்தான் பற்று.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எட்டு வீட்டாரில் தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். வீடுகள் இடித்துக் குளமாக்கப்பட்டன. பெண்டு பிள்ளைகள் கடற்கரையில் மீனவரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். துறையேற்றம் என்று அதற்குப் பெயர். கொல்லம், காயங்குளம், அம்பலப்புழை என்று நாடுகளை இணைத்து, 1750 ஜனவரியில் அனைத்தையும் பத்மநாபசுவாமியின் காலடியில் வைத்துத் தன்னைத் தாசன் என்று அறிவித்த மன்னரின் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் குற்றம் செய்யாத குழந்தைகளைத் துறையேற்றியவரை மகான் என்று சொல்ல என் பேனா இடம் தராது.

1758-இல் மார்த்தாண்டவர்மா மறைந்தபோதும் பட்டம் மருமகனுக்கே போனது. தர்மராஜா என்று புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா அவர். அரண்மனையில் இருந்த அதே வழக்கம் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் இருந்தது. தகப்பன் உழுது சேர்த்த வயல் அவன் அக்காள் மகனுக்கு. பெற்ற பிள்ளைக்கு உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு கிடைத்தால் உண்டு. இந்த வழக்கத்தில் வாழ்க்கைப்பட்டுச் சீரழிந்த ஒரு மனைவியின் வாய்மொழியாகத் தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியம் எழுதினார். வழக்கை மாற்றும் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல்தான் வந்தது. தம்பிமார் கேட்டதைக் கேட்ட குடியானவன் மகனுக்கு, அவர்கள் செத்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழித்துத் தகப்பன் வயல் கிடைத்தது.

(தொடரும்)