அச்சு இற்ற ஊரும் திருவொற்றியூர் புல்லட்டும்

வாகனம் ரிப்பேர் ஆனதால் பெயர் பெற்ற ஊர் ஒன்று உண்டென்றால் அது எங்கள் அச்சரப்பாக்கம்தான். திரிபுரத்தை எரிக்கப் புறப்பட்ட சிவபெருமான் விநாயகரை வணங்காமல் கிளம்பியதால், தேரின் அச்சு இங்கே இற்று விழுந்தது என்பது தலபுராணம். அச்சு இறு பாக்கம் அச்சிறுபாக்கமாகி, பேச்சு வழக்கில் அச்சரப்பாக்கம் ஆயிற்று. சம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் இன்றும் இருக்கிறது. கிளம்புமுன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் கடவுளின் வண்டியே நின்றுவிடும்! மெயின்டனன்ஸ் எஞ்சினியரான எனக்கு இதைவிட நல்ல கதை வேறு கிடையாது.

நண்பர்களே, இம்மலரில் நான் எழுத வந்தது தேரைப் பற்றி அல்ல, ஜி.எஸ்.டி. ரோட்டில் 'டப் டப்' என்று ஓடிய பழைய புல்லட்டைப் பற்றி.

இங்கிலாந்தில் ரெட்டிட்ச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. ராயல் என்ஃபீல்டு கம்பெனி 1932-லேயே புல்லட் என்ற பெயரை வைத்துவிட்டது. 1950-களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிட்ச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை அமைந்த இடம் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூர். முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் எல்லாவற்றையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1967-ல் ரெட்டிட்ச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் கடையே கட்டியாயிற்று. தாய் வீடு இடிந்த பிறகும் இங்கே வாழ்க்கைப்பட்ட பெண் நன்றாக இருந்தாள். 1977-லிருந்து அந்த இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்தோம் என்றால் பாருங்களேன்!

1950-களின் அதே வார்ப்பிரும்பு எஞ்சின், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 2000-களின் இறுதிவரை பெரிய மாற்றமில்லாமல் வந்தது. ராணுவ வண்டி, போலீஸ் வண்டி என்ற பெருமையை எல்லோரும் சொல்வார்கள். என் கட்சி வேறு. அது நீடித்ததற்குக் காரணம் கெட்டுப்போகாத வண்டி என்பதல்ல. கெட்டுப்போனால் ரோட்டோரத்திலேயே சரிசெய்ய முடிந்த வண்டி என்பதுதான். சிலிண்டர் தேய்ந்ததா, லேத்தில் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டு. பாகம் வேண்டுமா, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, அங்கே இல்லையென்றால் புதுப்பேட்டை. அதன் நம்பகத்தன்மையில் பாதி திருவொற்றியூரில் செய்தது. மீதியைச் செய்தவர்கள் செங்கல்பட்டிலும் மதுராந்தகத்திலும் திண்டிவனத்திலும் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தவர்கள்.

எங்கள் ஊர் மெயின் ரோட்டில் அப்படி ஒருவர் இருந்தார். நான் கல்லூரிக்கு வருவதற்கு முன்பே டேப்பட் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். "தம்பி, புஷ் ராடை விரலால சுத்துனா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக்கூடாது. அவ்ளோதான். எஞ்சின் ஜில்லுனு இருக்கணும், மறந்துடாத" என்பார். ஜில்லென்று இருக்கும்போது இடைவெளியே வேண்டாம் என்பது ஏன்? பிறகு தெர்மல் எக்ஸ்பான்ஷன் படித்தபோதுதான் புரிந்தது. எஞ்சின் சூடானால் இரும்பு சிலிண்டரும் அலுமினிய ஹெட்டும் புஷ் ராடைவிட அதிகமாக நீளும். இடைவெளி தானாகவே உண்டாகும். அதிகமாக இறுக்கிவிட்டால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோகும். அவர் தெர்மோடைனமிக்ஸ் படித்ததில்லை. ஆனால் அதை விரலில் வைத்திருந்தார்.

பழைய புல்லட் வைத்திருக்கும் மாணவர்கள் இரண்டு விஷயங்களை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது ஆயில். கனெக்டிங் ராடின் கீழ்ப்பகுதியில் இருப்பது ரோலர் பேரிங் அல்ல, மிதக்கும் புஷ். ஆயில் படலத்தை நம்பியே அது வாழ்கிறது. ஸ்டார்ட் செய்த உடனே ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் அதற்கு ஆயுசு குறைவு. ஓரிரு நிமிஷம் சும்மா ஓடட்டும். வண்டி பல நாள் நின்றிருந்தால் டேங்க் ஆயில் கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும். அந்த நிலையில் அளவு பார்த்து "ஆயில் குறையுதே" என்று ஊற்றுகிறவர்கள் பலர். ஓடவிட்டு நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

இரண்டாவது ஆயில் ஒழுகுவது. புல்லட் என்றால் ஒழுகும் என்று சிரித்துவிட்டுப் போகிறோம். கேஸ்கெட்டை மாற்றிக்கொண்டே இருப்போம். பல வண்டிகளில் குற்றவாளி, கிராங்க் கேஸ் காற்றை வெளியே விடும் வாத்து மூக்கு மாதிரியான சின்ன ரப்பர். அது விறைத்து ஒட்டிக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயில் வரும். சின்னக் காசு சமாச்சாரம்! பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வரை, இதற்கு மேல் இக்னிஷனைப் பற்றி எழுதினால் மலர்க்குழு கத்தரி போட்டுவிடும்.

1994-ல் ஐஷர் குழுமத்தோடு கம்பெனி இணைந்தது. பிறகு அலுமினிய எஞ்சின் வந்தது, வலது காலில் இருந்த கியர் இடது காலுக்குப் போயிற்று. 2013-ல் ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை. சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் போதும், புதுப் புல்லட் நம் பக்கத்து வீடு. அவை நல்ல வண்டிகள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊர் மெக்கானிக்கின் ஷெட் இப்போது மூடிக்கிடக்கிறது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். இந்தப் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கும் ஏழெட்டு பேர் டேப்பட் வைக்க ஆள் தேடி அலைகிறோம். அந்த விரல் வித்தையை எந்த மேனுவலும் முழுசாகச் சொல்வதில்லை. நம் ஆட்டோமொபைல் வொர்க்ஷாப்பில் வருஷத்துக்கு நான்கு மாணவர்கள் கற்றுக்கொண்டாலே இன்னும் முப்பது வருஷம் இந்த வண்டிகள் ஓடும்.

சங்கக் கூட்டம் நடக்கும் நாளன்று காலை 7 மணிக்கு வொர்க்ஷாப் வாசலில் ஸ்பேனரோடு இருப்பேன். வண்டி வைத்திருப்பவர்கள் முந்தின நாள் இரவே கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள். காலையில் ஓட்டிக்கொண்டு வந்தால் எஞ்சின் சூடாக இருக்கும். டேப்பட் பார்க்க மத்தியானம் ஆகிவிடும்.