மேல்மாடத்து மனைவி: 'ஜேன் அயர்' புதினமும் அதன் வழிக்கதைகளும்

அச்சம் என்னும் மெய்ப்பாடு பிறக்கும் இடங்கள் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. முதல் மூன்றும் அயலிலிருந்து வருவன. நான்காவதோ தாம் அடங்கி வாழும் தலைவனிடமிருந்தே பிறப்பது. பாழடைந்த மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவு ஓசை ஆகியவற்றால் அச்சுறுத்தும் ஆங்கிலக் கோதிக் புதினங்களையும், அவற்றைக் காதற்கதைகளாகத் திரும்ப எழுதிய பிற்கால நூல்களையும் ஒருங்கு வைத்து ஆராய்வார்க்கு இப்பாகுபாடு நல்லதோர் அளவுகோலாகும். 'இறை' என்பதனை வீட்டுத் தலைவன், கணவன் என்னும் பொருள்களில் ஈண்டுக் கொள்கிறோம்.

இவ்வகைப் புதினத்திற்குத் தொடக்கம் ஹோரஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட 'ஒட்ரான்டோ கோட்டை' என்பர். நம் ஆய்வுக்கு அதனினும் மிகுதியாக வேண்டுவது ஆன் ராட்கிளிஃப் அம்மையார் 1794இல் எழுதிய 'உடால்போவின் மருமங்கள்' என்பதாகும். அதில் மான்டோனி என்பான் தன் மனைவியின் நிலபுலங்களைக் கவர விழைகிறான். எழுதிக் கொடுக்க மறுத்த அவளைக் கோட்டைக் கோபுரத்தில் அடைக்கிறான். அவள் நோயுற்று இறக்கிறாள். அவளுடைய உடன்பிறந்தான் மகளான எமிலியே கதைத்தலைவி. எமிலி அஞ்சுவது மான்டோனியை. காதலிப்பது வாலன்கூர் என்னும் இளைஞனை. அச்சத்திற்கு ஒருவன், காதலுக்கு ஒருவன் எனப் பிரித்து வைத்தமையால் கதை இன்பமாக முடிதற்கு இடர் ஒன்றும் இல்லை.

சார்லட் பிரான்டி அம்மையார் 1847இல் கரர் பெல் என்னும் புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்' இவ்விருவரையும் ஒருவராக்கியது. தார்ன்ஃபீல்டு மாளிகையில் குழந்தைக்குக் கல்வி கற்பிக்க அமர்ந்த ஜேனுக்கு ஊதியம் தருபவனும் ராச்செஸ்டர். உள்ளம் கவர்ந்தவனும் அவனே. அம்மாளிகையின் மூன்றாம் மாடியில் அவனுடைய முதல் மனைவி பெர்த்தா பத்தாண்டுகளாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். ஜமைக்கா நாட்டினளாகிய அவளை அவன் மணந்தது, முப்பதாயிரம் பவுன் சீதனத்தைக் கருதி அவன் தந்தை முடித்துவைத்த மணம். ஜேனின் கண்ணுக்குப் பெர்த்தா ஒருகால் குருதி குடிக்கும் பேயாகவும், ஒருகால் விலங்காகவும் தோன்றுகிறாள். இறையிடம் எழவேண்டிய அச்சம் இவ்வாறு அணங்கின்மேலும் விலங்கின்மேலும் ஏற்றப்படுகிறது. அவள் மாளிகைக்குத் தீயிட்டு, மேலிருந்து வீழ்ந்து இறந்த பின்னரே ஜேனின் திருமணம் கைகூடுகிறது.

ஆயினும் பிரான்டி அம்மையாரின் நுண்மையைச் சொல்லாது விடலாகாது. உண்மை வெளிப்பட்ட பின் மனைவியை வெறுத்துப் பேசும் ராச்செஸ்டரை ஜேன் கண்டிக்கிறாள். பித்து அப்பெண்ணின் குற்றம் ஆகாது என்கிறாள். நூல் முழுவதிலும் பெர்த்தாவுக்காக ஜேன் பரிந்து பேசும் இடம் இஃதே எனலாம். வழிக்கதைகள் பல கிளைத்தற்கு இச்சிறு பகுதியே வித்து என்பது எம் கருத்து.

பெர்த்தா இறந்தாலன்றிக் கதை முடியாமைக்குச் சட்டமும் ஒரு காரணம். மறுமணத்திற்கு உரிமை தரும் மணவிலக்கை இங்கிலாந்தில் 1857க்கு முன் பெறவேண்டின், பாராளுமன்றம் அதற்கெனத் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். 1857ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அளித்தபோதும், பித்து மணவிலக்கிற்குரிய காரணமாக ஏற்கப்படவில்லை. தீராப் பித்தை ஏற்றது 1937ஆம் ஆண்டுச் சட்டமே. அது நடைமுறைக்கு வந்தது 1938இன் தொடக்கத்தில். அவ்வாண்டிலேயே டாஃப்னி டு மோரியர் அம்மையாரின் 'ரெபக்கா' வெளிவந்தது. ஒன்றற்கு மற்றொன்று காரணம் என்று கூறத் துணியோம். பழைய தளை தளர்ந்த அக்காலத்தில் முதல் மனைவி உயிரோடு வாராமல் இறந்தவளாகவே கதையுள் புகுகிறாள் என்பதை மட்டும் சுட்டுகிறோம்.

'ரெபக்கா'வில் கதை கூறும் இரண்டாம் மனைவிக்குப் பெயரே இல்லை. மாண்டர்லி மாளிகையில் எங்கும் இறந்தவளின் பெயரே விளங்குகிறது. அவள் அறையையும் உடைகளையும் டான்வர்ஸ் என்னும் மனைக்காவற்பெண் பேணி வருகிறாள். கணவன் மாக்சிம் இன்னும் முதல் மனைவியையே நினைந்து உருகுகிறான் என்று இளையவள் நெடுங்காலம் வருந்துகிறாள். பின்னர் ஒருநாள் அவனே உண்மையை உரைக்கிறான்: ரெபக்காவைத் தான் வெறுத்ததாகவும், தானே சுட்டுக் கொன்றதாகவும் கூறுகிறான். கேட்டவள் அஞ்சி ஓடினாளா? இல்லை. அவன் ரெபக்காவைக் காதலித்ததில்லை என்னும் செய்தியே அவள் செவியில் நிறைகிறது. கொலை பின்னுக்குப் போய்விடுகிறது. இதனினும் அஞ்சத்தக்க காதற்காட்சி ஒன்றனை யாம் படித்ததில்லை. ரெபக்கா ஒழுக்கம் கெட்டவள், தீரா நோயால் விரைவில் இறக்க இருந்தவள், தானே அவனைத் தூண்டியவள் என்று அடுக்கடுக்காகக் காட்டி, ஆசிரியர் நம்மையும் அக்கொலைக்கு உடன்படச் செய்கிறார். 1940இல் ஹிட்ச்காக் இதனைத் திரைப்படமாக்கியபோது, கொலைஞன் தண்டனையின்றித் தப்பலாகாது என்னும் அமெரிக்கத் தணிக்கை நெறிக்காக, ரெபக்கா தவறி வீழ்ந்து இறந்ததாக மாற்றினர். வாசகர் மன்னித்ததைத் தணிக்கையாளர் மன்னிக்கவில்லை!

எலினார் ஹிபர்ட் அம்மையார் விக்டோரியா ஹோல்ட் என்னும் பெயரில் 1960இல் வெளியிட்ட 'மெல்லின் மாளிகைத் தலைவி' மற்றொரு வழியைக் கண்டது. இதிலும் ஓர் ஆசிரியை, ஒரு பெருமாளிகை, இறந்துபோன முதல் மனைவி. ஆனால் கணவன் கொலைக்குற்றம் அற்றவன். கொன்றவள் அண்டை வீட்டுப் பெண். இதன்பின் அமெரிக்க நாட்டில் இவ்வகை மலிவுப் பதிப்புகள் பெருகின. இருண்ட மாளிகை, விளக்கெரியும் ஒரே பலகணி, புறத்தே ஓடும் பெண் எனவே அவற்றின் அட்டைகள் பல அமைந்தன. அக்கதைகளைப் பற்றி ஜோனா ரஸ் 1973இல் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'யாரோ என்னைக் கொல்ல முயல்கிறார், அவர் என் கணவரே என்று எண்ணுகிறேன்' என்னும் பொருள்படுவது. தொல்காப்பியர் கூறிய நான்காம் இடத்தை அவர் நேரே தொட்டுவிட்டார்.

கரிபியத் தீவாகிய டொமினிகாவில் பிறந்த ஜீன் ரீஸ் அம்மையாரின் 'அகன்ற சர்காசோக் கடல்' 1966இல் வந்தது. காதற்கதை வரிசையில் இது சேராது. எனினும் பின்வந்த காதற்கதைகள் இதன் நிழலிலேயே நடக்கின்றன. இங்குப் பெர்த்தாவின் இயற்பெயர் அன்டாய்னெட். பெர்த்தா என்பது கணவன் சூட்டிய பெயர். அவனுக்கு ஆசிரியர் பெயரே தரவில்லை. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்னும் வழிநூல் வகை நான்கனுள் ஒன்றிலும் இது அடங்காது. முதல்நூலுக்கு முன் நிகழ்ந்ததைக் கூறி, முதல்நூலையே வேறொன்றாகப் படிக்கச் செய்கிறது.

அண்மைக் காலத்தன இரண்டனைக் காண்போம். ரேச்சல் ஹாக்கின்ஸ் 2021இல் வெளியிட்ட 'மேல்மாடத்து மனைவி' கதையை அலபாமா மாநிலத்துச் செல்வர் குடியிருப்புக்கு மாற்றுகிறது. அடைபட்ட மனைவி பீயா தன் கதையைத் தானே எழுதுகிறாள். ஆனால் இறுதியில் அவளே கொலை செய்தவள் எனத் தெரியவருகிறது. பேச வாய் கொடுத்த ஆசிரியர், 'ரெபக்கா'வின் பழைய உத்திக்கே மீண்டுவிட்டார். எல். எல். மெக்கின்னியின் 'ராச்செஸ்டரிடமிருந்து தப்புதல்' (2024) துணிவு மிக்கது. அதில் ஜேன் காதலிப்பது பெர்த்தாவையே. ராச்செஸ்டர் இருவருக்கும் பகைவன். அச்சம் உரிய இடமாகிய இறையினிடத்துச் சென்று சேர்ந்துவிட்டது, இதனைப் பாராட்டுகிறோம். ஆயினும் அஞ்சத்தக்கவனையே காதலித்தல் என்று பிரான்டி அம்மையார் இட்ட முடிச்சு இங்கு அவிழ்க்கப்படவில்லை, அறுக்கப்பட்டுள்ளது. அச்சத்திற்கு ஒருவர், காதலுக்கு ஒருவர் என்னும் ராட்கிளிஃபின் பிரிவே திரும்புகிறது: எமிலிக்கு வாலன்கூர் நின்ற இடத்தில் ஜேனுக்குப் பெர்த்தா நிற்கிறாள்.