வண்டிப்பேட்டையும் வழிச்சத்திரமும்

விடுமுறை என்றதும் கடலோர விடுதியில் தங்குவதா, நகரத்து ஓட்டலில் அறை எடுப்பதா என்று ஆராய்வது இன்று பலருக்கும் இனிய பொழுதுபோக்கு. கரீபியத் தீவானாலும் குற்றாலமானாலும் வாடகை, வசதி, சாப்பாடு ஆகிய மூன்றையும் பார்த்தால் முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் திசையன்விளைத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டி ஏற்றிக்கொண்டு வடக்கே வண்டி கட்டியவர்க்கு, இருட்டுவதற்குள் யார் நம்மை உள்ளே விடுவார்கள் என்பதே முதற் கவலையாக இருந்தது.

சத்திரங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் தென்திசைச் சாலைகளைச் செப்பனிட்டுச் சத்திரங்கள் எடுப்பித்ததை வாசகர்கள் அறிவர். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே அவர் பெயரிலேயே ஒன்று நிற்கிறது. சுமைதாங்கிக் கல்லும் தண்ணீர்ப்பந்தலும் அதே அறவுணர்வின் சிறு வடிவங்கள். எனினும் அறத்திற்கும் ஒரு வாசற்படி இருந்தது. சோறு இன்னாருக்கு, திண்ணை இன்னாருக்கு என்று வகுத்திருந்த சத்திரங்கள் பல. கோயிலுக்குள் நுழைய முடியாதவர், கோயிலைச் சார்ந்த மண்டபத்தில் உரிமையோடு படுத்துறங்குவது எங்ஙனம்? கமுதிக் கோயிலில் 1897இல் நாடார்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பனையேறும் குடிகளும் பனைபொருள் வணிகரும் நிறைந்த நம் பகுதிக்கு அத்தீர்ப்பு எவ்வளவு கசந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வணிகர் கண்ட வழிதான் 'பேட்டை'. கோட்டைபோல் சுற்றுமதில், நடுவே வண்டிகளும் காளைகளும் நிற்க முற்றம், சரக்கு வைக்க அறைகள், ஆட்கள் படுக்கத் தாழ்வாரம். வழிப்பறிக்கு அஞ்சிய காலத்தில் சரக்கின் பாதுகாப்பே முதன்மை நோக்கம்; பிறர் வாசலில் இரந்து நிற்காத நிம்மதி அதனோடு சேர்ந்து வந்தது. செலவுக்கு 'மகமை' என்னும் பொதுநிதி. வாணிகத்தின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் ஒரு பங்கு செலுத்த, அத்தொகை பேட்டையைக் காத்தது. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருமங்கலம் ஆகிய ஊர்களில் தென்திசையிலிருந்து சென்றவர் வேரூன்றியதற்குப் பேட்டைகளே முதற்படி எனலாம். இரவுத் தங்கலுக்கென்று தோன்றிய மகமை பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களையும் நடத்தியது. ஒரு சத்திரத்தின் வரலாறு ஒரு சமூகத்தின் வரலாறாகவே மாறிப்போன இவ்வியப்பைப் பற்றி நம்மவர் இன்னும் விரிவாக எழுதலாம். பேட்டையைப் புகழும்போது ஒன்றை மறைக்கலாகாது: அதுவும் தன்னவர்க்குத் திறந்த கதவுதான், அவர்க்கும் கீழே தள்ளப்பட்டவர்க்கு அது விடுதியாகவில்லை.

1876இல் இரயில் திருநெல்வேலிக்கு வந்தது. 1904இல் செங்கோட்டை கடந்து கொல்லம் வரை பாதை நீள, தென்காசியில் இறங்கிக் குற்றாலச் சாரலுக்குப் போவது எளிதாயிற்று. அங்கே வெள்ளையருக்கும் செல்வருக்கும் பங்களாக்கள். ஏனையோர்க்கு மடங்களும் சத்திரங்களும். இரசிகமணி டி.கே.சி.யின் குற்றால வீட்டு விருந்தோம்பலைப் பற்றி இங்கே எழுதத் தொடங்கினால் கட்டுரை முடியாது. இராஜாஜியும் கல்கியும் அவ்விருந்தின் சுவை அறிந்தவர்கள் என்பதோடு நிறுத்துவோம்.

இரயில் பெட்டியில் காசு கொடுத்தவரெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்தனர். நிலையத்துச் சிற்றுண்டிச்சாலையிலோ பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடம். பெரியார் இயக்கத்தின் கிளர்ச்சிக்குப் பின், 1941இல்தான் அப்பிரிவினை நீங்கியது. தாமிரபரணிக் கரையில் சேரன்மாதேவி குருகுலத்தில் பந்தி பிரித்ததற்காக 1924-25இல் தமிழகமே கொதித்தெழுந்ததை நினைவுகூர்ந்தால், இலைபோடும் இடம் எத்துணைப் பெரிய அரசியல் என்பது விளங்கும்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நியூயார்க்கில் விக்டர் கிரீன் என்னும் கறுப்பின அஞ்சல்காரர் 1936இல் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பினப் பயணியரை அவமதிக்காமல் ஏற்கும் ஓட்டல்கள், உணவகங்கள், தங்குவதற்கு அறை கொடுக்கும் வீடுகள் ஆகியவற்றின் முகவரிகளே அதன் உள்ளடக்கம். பின்னர் அது கனடா, மெக்சிகோ, பெர்முடா, கரீபியப் பகுதி வரை விரிந்தது. உல்லாசத்திற்கென்று இன்று நாம் புரட்டும் விடுதிப் பட்டியலுக்கு இப்படியும் ஒரு முன்னோடி உண்டு. இனவேற்றுமையைத் தடைசெய்த அமெரிக்கச் சட்டம் 1964இல் வந்தது. இரண்டொரு ஆண்டுகளில் கையேடும் நின்றது.

நம் நாட்டில் 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, பதினைந்தாம் பிரிவில் கடைகளோடும் உணவகங்களோடும் சேர்த்து விடுதிகளையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் உள்ளே விடாமல் தடுக்கலாகாது. சட்டம் செய்தவர்கள் விடுதியை மறக்காதது தற்செயலன்று. சபையில் இருந்த அம்பேத்கரே தங்க இடம் மறுக்கப்பட்ட அனுபவம் உடையவர். நெல்லைச் சந்திப்பின் லாட்ஜுகளில் இன்று பதிவேட்டில் கேட்கப்படுவது பெயர், ஊர், அடையாள அட்டை, முன்பணம். அப்பட்டியலில் 'பால்' என்னும் சொல் இருந்தும், தனியே வரும் பெண்ணுக்கு அறையில்லை என்று கையை விரிக்கும் விடுதிகள் இன்னும் உள.