அளவுகோலும் ஆளும்

எங்கள் கண்டமங்கலத்தை ஒட்டியே புதுச்சேரி எல்லை ஓடுகிறது. 1954 வரை அக்கோட்டுக்கு அப்பால் பிரெஞ்சு ஆட்சி. அந்த பிரெஞ்சு நாட்டிலிருந்துதான், மனித உடலை அளந்து குற்றவாளியைக் கண்டறியும் முறை உலகெங்கும் பரவியது.

அதை வகுத்தவர் அல்போன்சு பெர்த்தியோன். 1879இல் பாரிஸ் காவல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தவர். பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் மீண்டும் பிடிபடுவோரை எவ்வாறு அறிவது என்பது அன்றைய பெருஞ்சிக்கல். வளர்ச்சி முடிந்தபின் எலும்பின் அளவு மாறுவதில்லை என்பதை அவர் அடிப்படையாகக் கொண்டார். தலையின் நீளம், அகலம், இடக்கை நடுவிரல், இடப்பாதம் என 11 அளவுகளை அட்டையில் பதிந்தார். 1883இல் பொய்ப்பெயர் சொன்ன ஒருவரின் பழைய அட்டை கிடைத்தது, முறை வென்றது.

1890களில் வங்கக் காவல்துறைத் தலைவர் எட்வர்டு ஹென்றி இம்முறையைக் கையாண்டார். ஆனால் ஒரே மனிதனை இரு காவலர் அளந்தால் இரு விடைகள் வந்தன. கருவி தேய்ந்தது, கை தவறியது. எனவே கைரேகையின் பக்கம் திரும்பினார். அவரிடம் பணியாற்றிய அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை 1024 பிரிவுகளாக வகைப்படுத்த உதவினர். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் கூடம் நிறுவப்பட்டது. முறைக்கு நிலைத்த பெயரோ ஹென்றியினுடையது.

அளவுகோல் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் தென்னாட்டுச் சாதியினரின் தலையையும் மூக்கையும் அளந்தார். தனி ஒருவரை அறியப் பிறந்த கலை, கூட்டத்தை வகைப்படுத்தும் கலையாயிற்று. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பே குற்றமாயிற்று, குற்றம் செய்யாதவரும் ரேகை பதிக்க வேண்டியதாயிற்று. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அதற்கு இணங்காத பிரமலைக் கள்ளர் மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். இச்சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2022இல் நிறைவேறிய குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, கருவிழி, உயிரியல் மாதிரி அனைத்தையும் ‘அளவீடுகள்’ என்றே அழைக்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் காக்கவும் வழி செய்கிறது. குற்றத்தைத் துலக்கக் கருவி வேண்டும், அதை மறுப்பதற்கில்லை. பொய் வழக்கில் சிக்கிய ஏழையை விடுவிப்பதும் சில வேளை அதே ரேகைதான். எனினும் யாரை அளக்கிறோம், எதன்பொருட்டு அளக்கிறோம் என்ற கேள்வியைக் கருவி தானாகக் கேட்பதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டும்போதெல்லாம் ஒன்று என் நெஞ்சில் படும். அங்கே உயரமில்லை, ரேகையில்லை. பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர் இவையே உண்டு. ஒருவர் யார் என்பதற்கு அவரை அறிந்தோர் சொல்லும் சாட்சியும் ஓர் அடையாளமே. அந்தச் சாட்சி சொல்ல ஆளில்லாத எளியவர்கள் மீதுதான் அளவுகோல் முதலில் விழுகிறது.