ஆட்டமும் ஒரு தொழிலே

ரெம்பியா வட்டாரத்துத் தோட்டங்களில் மாலை ஐந்து மணியை அறிவதற்கு ஒரு காலத்தில் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. திடலில் பந்து உதைபடும் ஓசை எழுந்தால் ஐந்து மணி ஆயிற்று என்று பொருள். விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டி, பாலைச் சுமந்து வந்து நிறுத்துக் கொடுத்த அதே கால்கள், மாலையில் வெறுங்காலாகவே பந்தின் பின்னே ஓடின. கோல் கம்பத்திற்கு இரண்டு மூங்கில்கள் போதும். கோயில் திருவிழாவை ஒட்டித் தோட்டத்திற்குத் தோட்டம் நடந்த போட்டிகளில் வென்றவர்களுக்கு ஒரு வெள்ளிக்கிண்ணமும் ஓர் ஆட்டுக்கிடாயும் கிடைத்தால் அதுவே பெரும் பேறு.

அத்தகைய தோட்டக் குடும்பத்தின் மூன்றாந் தலைமுறையைச் சேர்ந்த என் மாணவன் ஒருவன், ஆறாம் ஆண்டுத் தேர்ச்சி பெற்றுப் பள்ளியை விட்டுப் போகும் நாளில் என்னிடம் வந்து நின்றான். "ஐயா, பந்து விளையாடியே குடும்பத்தைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்டான். "முடியாது, படி" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வர். ஆனால் அவன் கேட்ட கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது. அதனை ஆராயாமல் சொல்வது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆட்டத்தைத் தொழிலாக ஏற்ற நாடுகளில் முதன்மையானது இங்கிலாந்து. அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் 1885ஆம் ஆண்டிலேயே, ஆட்டக்காரர் ஊதியம் பெறலாம் என்று ஒப்புக்கொண்டது. அன்று தொடங்கி ஐரோப்பாவில் ஒரு புதுவகைத் தொழிலாளி உருவானான். நூற்றுக்கு ஒருவன் புகழ் பெறுவான். ஏனையோர் இரண்டு ஆண்டு ஓர் ஊரிலும், மூன்று ஆண்டு வேறோர் ஊரிலும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மனைவி மக்களோடு மூட்டை கட்டி ஊர் மாறி உழைப்பர். நம் மலாக்காவை 1511 முதல் 1641 வரை ஆண்ட போர்த்துகீசியரின் தாயகத்திலும் இன்று இதே நிலைதான். அங்கே பென்ஃபிக்கா, போர்ட்டோ, ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று பெருங்குழுக்களுக்கு அப்பால், பெயர் அறியப்படாத ஆட்டக்காரர் பலர் சிறு குழுக்களில் கூலிக்கு ஆடி வாழ்கின்றனர்.

நம் நாட்டின் கதை வேறு. மலாயாக் கிண்ணப் போட்டி 1921இல் தொடங்கியது. எச்.எம்.எஸ். மலாயா என்னும் போர்க்கப்பலின் பெயரால் வழங்கப்பட்ட அக்கிண்ணம், 1967இல் மலேசியக் கிண்ணமாகப் பெயர் மாறியது. எனினும் 1980களின் இறுதிவரை, கிண்ணத்திற்காக ஆடியவர்களுக்கு ஆட்டம் பிழைப்பாக இருந்ததில்லை. வங்கியிலோ, காவல் துறையிலோ, அரசு அலுவலகத்திலோ அவர்களுக்கு ஒரு வேலை இருக்கும். பகலில் அந்த வேலை, மாலையில் பயிற்சி. மாநிலத்தின் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடியவருக்குப் படிக்காசும் கைதட்டலும் கிடைத்தன, ஊதியம் கிடைக்கவில்லை.

அக்காலத்தின் தலைசிறந்த சான்று ஆர். ஆறுமுகம். 1953ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பிறந்த அவர், சிலாங்கூர் மாநிலத்திற்கும் மலேசியாவிற்கும் கோல் காவலராக விளங்கினார். நீண்ட கைகளை விரித்துப் பந்தின்மேல் பாயும் அவருக்கு மக்கள் இட்ட பெயர் 'ஸ்பைடர்மேன்'. 1971 முதல் 1986 வரையிலான பதினாறு ஆண்டுகளில் சிலாங்கூர் பதினொரு முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. அப்பொற்காலத்தின் பெரும்பகுதியில் அக்குழுவின் கோலைக் காத்து நின்றவர் அவரே. 1977இலும் 1979இலும் தென்கிழக்காசிய விளையாட்டில் மலேசியா தங்கம் வென்றபோதும் அவர் இருந்தார். அவருக்கு முன்னால் தற்காப்பு அரணாக நின்றவர்கள், நம் அலோர் காஜா மண்ணில் பிறந்த சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். முன்வரிசையில் மொக்தார் டஹாரி. ஒரு தமிழர், ஒரு சீனர், ஒரு சீக்கியர், ஒரு மலாய்க்காரர் என்று நாட்டின் முகமே அக்குழுவில் தெரிந்தது.

1980ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் எனக்கு நன்கு நினைவிருக்கிறது. அன்று நான் சிறுவன். லயத்து வாசலில் ஒரே ஒரு வானொலி. அதைச் சுற்றி முப்பது பேர். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை எதிர்த்து ஆடியது. வென்றால் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குச் செல்லலாம். சபா மாநிலத்தின் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்க, இரண்டுக்கு ஒன்று என மலேசியா வென்றது. ஆறுமுகத்தின் பெயரை அறிவிப்பாளர் உச்சரித்த போதெல்லாம் எங்கள் லயமே எழுந்து நின்றது. பால்வெட்டுக் கத்தி பிடித்த கைகளுக்கு, அந்தக் கோல் காவலரின் கைகள் தம் கைகளாகவே தோன்றின.

ஆனால் அக்குழு மாஸ்கோவிற்குச் செல்லவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தமையைக் கண்டித்துப் பல நாடுகள் அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றுள் ஒன்று. நம் இடத்தில் ஈராக் ஆடியது. அரசியல் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். வாழ்நாளில் ஒரே முறை வாய்க்கும் வாய்ப்பை இழந்த அந்த ஆட்டக்காரர்களுக்கு, அதனை ஈடு செய்ய ஒப்பந்தமோ ஊதியமோ இல்லை. அவர்கள் மறுபடியும் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள்.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஆறுமுகம் கார் விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அடுத்த ஆண்டு, 1989இல், நம் நாட்டில் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் அது முழுநேரத் தொழில்முறையாயிற்று. ஆட்டத்திற்கு முறையான ஊதியம் என்னும் கதவு திறந்தபோது, நம் தலைமுறையின் தலைசிறந்த காவலர் உயிரோடு இல்லை. 2016இல் வெளிவந்த 'ஓலா போலா' என்னும் திரைப்படத்தில், அவரை நினைவூட்டும் முத்து என்ற பாத்திரத்தைக் கண்டுதான் இன்றைய பிள்ளைகள் பலர் அவரை அறிந்தனர்.

ஊதியம் வந்ததும் துன்பம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. பணம் வந்த வழியே சூதாட்டமும் வந்தது. 1994, 1995ஆம் ஆண்டுகளில் ஆட்ட முடிவை விலைக்கு விற்ற ஊழல் வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். அதே 1995ஆம் ஆண்டு டிசம்பரில், பெல்ஜியத்தின் ஜான் மார்க் போஸ்மான் என்னும் எளிய ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவரைப் பழைய குழு பணம் கேட்டுத் தடுத்து வைக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகப் புகழ் இல்லாத ஒருவர் தொடுத்த வழக்கே ஐரோப்பிய ஆட்டக்காரர்களுக்கு அந்த உரிமையைப் பெற்றுத் தந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஊர் மாறி உழைக்கும் தொழில்முறை வாழ்வு நம்மவருக்கும் வாய்த்தது. அதற்குச் சான்று 1986இல் பிறந்த எஸ். குணாளன். ஓட்டத்தில் வல்ல இந்தப் பக்கவாட்டு ஆட்டக்காரர் நெகிரி செம்பிலானுக்கு ஆடி 2011இல் மலேசியக் கிண்ணத்தை வென்றார். பின்னர் சிலாங்கூர் சென்றார். அங்கிருந்து ஜொகூர் டாருல் தக்சிம் குழுவிற்கு மாறினார். அக்குழு 2015இல் ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத்தை வென்று, அதனைப் பெற்ற முதல் தென்கிழக்காசியக் குழுவாயிற்று. அதற்கு முன்பே, 2010இல், கே. ராஜகோபால் பயிற்றுவித்த தேசியக் குழு இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணத்தைக் கொணர்ந்தபோது அதிலும் குணாளன் இருந்தார். ஆறுமுகத்திற்கு ஒரு மாநிலமே வீடாக இருந்தது. குணாளன் மூன்று மாநிலங்களில் தம் திறமைக்கு விலை பெற்றார். இது குற்றமன்று, தச்சரும் கொத்தனாரும் வேலை உள்ள ஊருக்குச் செல்வது போன்றதே.

ஆயினும் எல்லாக் குழுவும் ஒன்றல்ல. நம் மலாக்காவையே பாருங்கள். 1983இல் மலாக்கா மலேசிய லீக்கில் வாகை சூடியது. பின்னாளில் குருபோங் ஹங் ஜெபாட் அரங்கைத் தாயகமாகக் கொண்ட மலாக்கா யுனைடெட், 2016இல் பிரிமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. ஆறே ஆண்டுகளில், 2022இல், ஆட்டக்காரர்களின் ஊதியம் நிலுவையில் நின்றது. 2023ஆம் ஆண்டிற்கான உரிமம் அக்குழுவிற்குக் கிடைக்கவில்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்து, 2019இல் சூப்பர் லீக்கில் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் ஆடிய குழுவும் 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகிக்கொண்டது. அரங்கில் கைதட்டிய நம்மில் எத்தனை பேர், ஆடியவருக்கு அம்மாதச் சம்பளம் வந்ததா என்று கேட்டோம்?

தோட்டத்தில் நம் முன்னோர் கூலியைப் பற்றிப் பேசவே அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. சங்கம் அமைத்துப் பேசிய பின்னரே கூலி உயர்ந்தது. ஆட்டக்காரரும் தொழிலாளரே. முறையான ஒப்பந்தம், குறித்த நாளில் சம்பளம், ஊழியர் சேமநிதி, காயமுற்றால் மருத்துவம் ஆகியவை அவருக்கும் உரியவை. வெற்றியைக் கொண்டாடுகின்ற சமுதாயம் இவற்றையும் கேட்டாக வேண்டும். ஏனெனில் ஆட்டக்காரனின் உழைப்புக்காலம் குறுகியது. பிற தொழிலில் ஒருவன் நிலைபெறத் தொடங்கும் முப்பத்தைந்தாம் வயதில், இவன் தொழில் முடிந்துவிடுகிறது.

என் மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "முடியும் தம்பி. ஆனால் பதினைந்து ஆண்டுதான் முடியும். அதன் பிறகும் உன் குடும்பம் சாப்பிட வேண்டும். ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவிற்காவது படி. கையெழுத்திடும் முன் கேள்வி கேள்." அவன் தலையசைத்துவிட்டுத் திடலுக்கு ஓடினான். அங்கே இன்று மூங்கில் இல்லை, இரும்புக் கம்பம் இருக்கிறது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு சிறுவன் கைகளை விரித்து நின்றான். ஆறுமுகத்தின் பெயர் அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. மறுநாள் காலை சபை கூடலில் அப்பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் குறித்துக்கொண்டேன்.